இறைக்க இறைக்க நாறிய கிணறு

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, கனகராயன்குளத்தில் காடு வெட்டிக் குடியேறியவள் பேச்சியம்மா. அவளும் புருஷன் வீரையாவும் தோண்டிய கிணறுதான் அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடிதண்ணீர் தந்தது. ஊற்றைக் கண்டபோது வீரையா இருந்தான். சுற்றுக்கட்டுக் கட்டும்போது அவன் உயிரோடு இல்லை.

மழையில் நனைந்து துருப்பிடித்து விலைபோகாத பூச்சிமருந்து டின்களை, பயிர்மருந்துக் கடைச் சின்னராசா அவள் வேலிக்கு அப்பால் பள்ளமாகக் கிடந்த தன் வளவில் குழிவெட்டிப் புதைத்தார். பேச்சியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்தாள்.

அடுத்த கோடையில் அதே வாடை அவள் கிணற்றில் அடித்தது. போய்க் கேட்டாள்.

"பள்ளத்தில தாட்டது மேட்டுக்கு ஏறுமே? கிணத்தை வடிவா இறை. மெஷினும் தாறன்" என்று சிரித்தார் சின்னராசா.

அவளும் நம்பித் தொலைத்தாள். மலையில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுதான். நாறும் கிணற்றுக்கு ஊரும் ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தது: அடிகாண இறைப்பது. இறைத்தார்கள். புதிதாக ஊறியது இன்னும் நாறியது. மறுபடி இறைத்தார்கள். கீழே இருந்ததோ மணல். அது எதையும் பிடித்துவைக்காது. கிணறு காலியானால் சுற்றிலும் உள்ள நீரெல்லாம் அதற்குள் இழுபட்டு வரும், மேடாவது பள்ளமாவது. கழுவுவதாக நினைத்து நஞ்சைத் தாங்களே வா வா என்று கூப்பிட்டார்கள், பாவிகள்.

அந்தத் தண்ணீரைக் குடித்த அவளுடைய ஆடு நுரைதள்ளிச் செத்தது. அன்றைக்கே சின்னராசா வந்தார்.

"கிணத்தைத் துப்புரவா வைச்சிருக்கத் தெரியாட்டி மூடிப்போடு. நாளைக்கு ஒரு பிள்ளை செத்தா ஆர் பதில் சொல்லுறது?"

புதைத்தவர் இவர், மூடவேண்டியவள் பேச்சியம்மாவாம். என்ன நியாயம் இது? வீரையாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். நேரே அவர் வளவுக்குள் நுழைந்து, குழி இருந்த இடத்தில் வெட்டத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறாய்? இது என்ர காணி."

"காணி உங்களோடதுதாங்க ஐயா. மருந்து மட்டும் ஏன் எங்க கிணத்துக்கு வந்துச்சு?"

சத்தம் கேட்டுச் சனம் வேலியோரம் கூடியது. மண்வெட்டி தகரத்தில் மோதியது. டின்னை இழுத்து எடுத்தாள். அடி இற்றுப்போயிருந்தது; உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடுத்ததும் அப்படித்தான். கிடந்த டின் அத்தனையும் வெறுமை.

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தன் கிணறு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.