மாமியார் விழிக்கும் இடம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆதிலட்சுமி, மேடை ஏறினால் மாமியார். எங்கள் குழுவின் நகைச்சுவை நாடகங்களுக்கு அவர்தான் உயிர். இதை நான் மட்டும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்து பார்த்த விமர்சகர் ஒருவர், மருமகன் கேள்வி கேட்டதும் பதில் சொல்லாமல் அவர் விழிக்கும் அந்த மௌனம் அபூர்வமானது என்று பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மௌனம் எப்படி வந்ததென்று எங்களுக்குத் தெரியும். மருமகனாக நடிக்கும் ஜானி பாஷா தையல்காரர். தினமும் காலையில் கடை மூடும் நேரம் பார்த்து ஆதிலட்சுமியிடம் வந்து, மீந்த இட்லியைத் தின்றுவிட்டுத்தான் மிஷினில் உட்காருவார். குறும்பு பிடித்த மனிதர். எழுதிவைத்த கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. புதிதாக எதையாவது கேட்டுவைப்பார். ஆதிலட்சுமி நிஜமாகவே திருதிருவென்று விழித்து, வாயில் வந்ததைச் சொல்வார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நாடகம் முடிந்ததும், என்ன கேட்கப்போகிறாய் என்று முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன என்று பாஷாவிடம் சண்டை பிடிப்பார்.

விமர்சனம் வந்ததும் இயக்குநர் மணிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டு வாங்கிய காட்சியில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்று உத்தரவு போட்டார். பாஷா ஒழுங்காக ஒரே கேள்வியைக் கேட்டார். ஆதிலட்சுமியும் மனப்பாடமாக விழித்தார். கீழ்பென்னாத்தூரில் நாலு பேர் சிரித்தார்கள். செங்கத்தில் அதுவும் இல்லை. மணிவேல் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆதிலட்சுமியோ தன்னையே நொந்துகொண்டார். திருவண்ணாமலையில், சொந்த ஜனத்துக்கு முன்னாலும் சிரிப்பு வரவில்லையென்றால் நடிப்புக்கு முழுக்கு என்று பாஷாவிடம் சொல்லிவிட்டார்.

திருவண்ணாமலை நாடகத்தன்று மாலை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் அவர் கடையில் சாப்பிடுகிறவர்கள். நாடகத்தில் மாமியார் பெரிய பணக்காரி, நகையும் பட்டுமாக உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்தது. பாஷா கைகட்டி நின்று கேட்டார்:

"அத்தை, இன்னிக்குக் கடையில எத்தினி இட்லி மீந்துச்சி?"

ஆதிலட்சுமி பாஷாவைப் பார்த்தார். மணிவேல் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு கீழே கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். நிஜமாகவே ஒன்றும் ஓடவில்லை அவருக்கு. முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அது பின்வரிசை வரை பரவியது. கொஞ்சம் அடங்கும்போது அவர் வாய் திறந்தார்.

"மீந்ததெல்லாம் காலைல நீதான மாப்ள துன்னுட்டுப் போன?"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நாடகம் நடக்கவே இல்லை. மணிவேல்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் போனேன். பாஷா வழக்கமான திட்டுக்காகத் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஆதிலட்சுமி நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே இன்னா கேக்கப்போறன்னு எங்கிட்ட சொல்லிடாத பாஷா. நான் கெஞ்சினாலும் சொல்லாத."