வெள்ளையாக வந்த பில்டர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலையில் இருந்த ஒரு கிரானைட் பட்டறையில் தூசியை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கே தூசி அதிகமோ அங்கே தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பல்கலைக்கழகம் பொருத்தித் தரும். ஒன்றே ஒன்று. கல் வெட்டும் பக்கமா, கல்பொடியைக் கூட்டி அள்ளும் மூலையா என்பதை என் அளவுதான் சொல்ல வேண்டும்.

மூலையில் கூட்டும் அக்காவின் இடுப்பில் காற்றை இழுக்கும் சின்ன பம்பையும் தோளில் தூசி படியும் பில்டரையும் காலையில் மாட்டிவிடுவேன். பிறகு நாகரசம்பட்டி மாந்தோப்புகளில் தூசி அளக்க வைத்த கருவிகளைப் பார்க்க பஸ் ஏறிவிடுவேன். மாலையில் வந்து கழற்றுவேன். மூன்று நாளும் அவருடைய பில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் புருவத்தில் பொடி அப்பியிருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் பெரிய மேதாவி மாதிரி, அந்த மூலை சுத்தம் என்று எழுதினேன். இயந்திரம் வெட்டும் பக்கம் போனது.

விடைபெறப் போன அன்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

"உங்க மிஷினுக்கு ஒரு கொறையும் வெக்கல மேடம். நீங்க அந்தாண்ட போனதும் கழட்டி சாமிப் பலகைல வெச்சிடுவேன். சாயங்காலம் மாட்டிக்குவேன்."

ஆபீஸ் அறையில் சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகை உண்டு. பொடி ஏறிக் கெட்டுவிடுமென்று எல்லோரும் செல்போனை அங்கே வைத்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார்கள். நானே வைத்திருக்கிறேன். பம்பு விலை உயர்ந்தது, ஜாக்கிரதை என்று முதல் நாள் அவரை மிரட்டியதும் நான்தான்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "இந்த மூலை சுத்தம்னு நீங்க எழுதினதா ஓனர் சொன்னாரு. எம் மவளுக்கு நூல் மில்லுல பஞ்சு ஏறி இழுப்பு வந்துடுச்சு. அவள இங்கியே வேலைக்குக் கூட்டியாந்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அளவு தப்பு, தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்ப மிஷின இந்தாண்ட மாத்திடுவீங்கல்ல?"

மாற்றிவிடுவோம் என்றேன்.

திட்டம் முடிந்துவிட்டது, அறிக்கையில் ஒரு திருத்தம் சேர்த்துவிடு என்றார் என் பேராசிரியர். சேர்த்தேன். ஓனரிடமும் பேசிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார்.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். இயந்திரம் இன்னும் வெட்டும் பக்கம்தான் இருக்கிறதாம். மகள் இன்னும் அங்கேதான் கூட்டுகிறாளாம். வேறு வேலை கிடைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து இருமல் கேட்டது. அது யார் என்று நான் கேட்கவில்லை.