திரும்பவும் ஆடுகிற கதவு

சிவநேசன் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. கிள்ளானில் அவர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் சேவல் கூவுகிறதோ இல்லையோ, அவருடைய டிரில் கூவிவிடும். செருப்பு அலமாரியைப் பிரித்துப் போட்டு, உயரத்தைக் குறைத்து மறுபடி செய்தார். சாமி படம் வைத்த தட்டை ஒரு சாண் மேலே ஏற்றினார், அடுத்த வாரம் அரைச் சாண் கீழே இறக்கினார். சாமிக்கே தலை சுற்றியிருக்கும். பக்கத்து வீட்டு மாதவி வேலி வழியாக எட்டிப் பார்த்து, "அங்கிள், வேலை முடிஞ்சிருச்சா?" என்று கேட்பாள். "முடிஞ்சிருச்சு லா, கொஞ்சம்தான் பாக்கி" என்பார். அந்தக் கொஞ்சம் ஒரு வருஷமாகக் கொஞ்சமாகவே இருந்தது.

மனிதர் வேலை தெரியாதவர் இல்லை. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் மராமத்துப் பிரிவில் காலம் பூராவும் இருந்தவர். ஒழுகுகிற குழாய், சிக்கிக்கொள்கிற ஜன்னல், கட்டிலில் குதித்துக் கட்டிலையே உடைத்த வெளிநாட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஓய்வு கொடுத்து அனுப்பியபோது மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதையும் வீட்டுக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தார்.

அவர் மனைவி மலருக்குத் துணிதான் எல்லாம். கடைகளில் மிஞ்சுகிற துண்டுத் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பும் அடியில் இன்னொரு துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பாள். குவில்ட் என்று ஊரில் எல்லாரும் சொல்வதை அவள் ஒட்டுப் போர்வை என்பாள். ஊரடங்குக் காலத்தில் கைப்பேசியைப் பார்த்தே கற்றுக்கொண்டது. பழைய பாத்திக் சாரோங், பட்டு ரவிக்கைத் துண்டு, பள்ளிச் சீருடை, எது கையில் கிடைத்தாலும் அது இன்னொன்றோடு சேர்ந்துவிடும்.

இப்படி மரம் அவர், துணி அவள் என்று வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவள் தைக்கிற மேசை, யாரோ வீசியெறிந்த கதவை அவர் எடுத்து வந்து, கால் வைத்து, சுவரில் மடக்குகிற மாதிரி பொருத்தியது. கட்டிலின் தலைப்பலகைக்குச் சட்டம் அவர் அடித்தார், மெத்தை அவள் தைத்தாள். சண்டை இல்லாமலா? ஒவ்வொரு முறையும் அளவில்தான் வரும்.

"என் டேப் இரும்பு. உன் டேப் துணி, இழுத்தா நீளும்" என்பார் அவர்.

"நானும் உங்க டேப் மாதிரி வெறைப்பா இருந்திருந்தா இந்தக் குடும்பம் எப்பவோ கிழிஞ்சிருக்கும்" என்பாள் அவள்.

கடைசியாகச் சேர்ந்து செய்தது முன் ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சு. சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம் என்பது மலரின் யோசனை. அவர் பெஞ்சைச் செய்து முடித்தார். அவள் அதன்மேல் போட மஞ்சளும் நீலமுமாக ஒரு ஒட்டு விரிப்பு தைத்துக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பெஞ்சில் அவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை. "வாங்க, பசியாறலாம்" என்று ரொட்டித் தட்டோடு அவள் உட்கார்ந்தால், அவர் நின்றபடியே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கொக்கியைத் திருகப் போய்விடுவார்.

"உங்களுக்கு மரை கழண்டுபோச்சு" என்று மலர் கோபித்துக்கொள்வாள். அவர் சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு மாதிரிப் பொய் அவர் வாழ்க்கையில் வேறு சொன்னதில்லை.

உட்கார்ந்தால் கை ஆடும். அதுதான் விஷயம்.

வலது கை. அதில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. ஸ்க்ரூடிரைவரோ உப்புத்தாளோ இருந்தால் பழைய சிவநேசனின் கைதான். மடியில் சும்மா வைத்தால் போதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கடலைத் தோலை உரிக்கிற மாதிரி ஒன்றையொன்று தேய்க்க ஆரம்பிக்கும். பிரிக்பீல்ட்ஸில் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொமியூட்டர் ரயிலில் போய், கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். டாக்டர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், நோயின் பெயரைச் சொன்னார். மருந்து இருக்கிறது, ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றார்.

பெயரைச் சொல்லியிருக்கவே வேண்டாம். சிவநேசனின் அம்மா நல்லம்மாளுக்கும் அதுதான். முதலில் இதே கடலைத் தோல்தான். பிறகு கரண்டி வாய்க்குப் போய்ச் சேரவில்லை, பிறகு கால் நகரவில்லை, கடைசியில் புரண்டு படுக்கவும் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்த இன்னொரு ஆள் மலர். மகன் ஹோட்டலில் ஊரார் குழாயை அடைத்துக்கொண்டிருக்க, மருமகள் இங்கே கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, துணி மாற்றினாள். அத்தனை வருஷமும் அவளுடைய தையல் மிஷின் ஸ்டோர் அறையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. அம்மா போன பிறகுதான் அது வெளியே வந்தது. அதன்முன் முதல்முதலாக உட்கார்ந்தபோது மலர் ஒரு பெருமூச்சு விட்டாளே, அது இன்னமும் அவர் காதில் இருந்தது.

அந்த மிஷினை மறுபடி ஸ்டோருக்கு அனுப்புகிற ஆளாகத் தான் இருக்கக் கூடாது. சொல்ல வேண்டிய நாள் வரத்தான் போகிறது, அதுவரை தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தார். மாத்திரையை ஆணி டப்பாவில் ஒளித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடையில் ரவிக்கைத் துண்டுகள் வாங்கி வந்து, அங்கே போனதற்குச் சாட்சியாக அவள் மேசையில் வைத்தார். வீட்டிலோ கையைச் சும்மா விடாமல் பார்த்துக்கொண்டார். விளைவு, சாமி படத் தட்டு ஏறி இறங்கியது.

ஏணி போட்டு முன்கூரைமேல் ஏறியதுதான் உச்சம். ஓடு விலகியிருக்கிறது என்றார். மாதவி வேலிப் பக்கம் நின்று "அங்கிள், இறங்குங்க!" என்று கத்தினாள். மலர் கத்தவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவர் கீழே இறங்கிய பிறகுதான் பிடியை விட்டாள்.

அதற்கப்புறம்தான் வீட்டில் ஒவ்வொன்றாகக் கழல ஆரம்பித்தது.

முதலில் சமையலறை அலமாரிக் கதவு. "ஏங்க, இது ஆடுது பாருங்க" என்றாள் மலர். கீலின் மரையாணி தளர்ந்திருந்தது. இறுக்கினார். அடுத்த வாரம் திரைச்சீலைக் கம்பியின் பிடி ஆடியது. பிறகு அவளுடைய மேசைக் கால். பிறகு மறுபடி அதே அலமாரிக் கதவு.

"போன வாரம்தானே டைட் பண்ணினேன்?"

"எனக்கென்ன தெரியும்? ஆடுது, சொன்னேன்."

மரம் தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருக்கும் என்று தீக்குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, காயவிட்டு, புது ஆணி போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். ஹோட்டலில் அவர் இறுக்கியதைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும் என்று கூட வேலை பார்த்த பழனியப்பன் சொல்வார். அப்படி இறுக்கினார். சில நாள் கழித்து, மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே மலர் வந்தாள். போர்வை தைத்துத் தைத்துக் கை வீங்கிவிட்டது என்றாள்.

"ஏங்க, அந்தக் கதவு..."

"திரும்பவும் ஆடுதா?"

"ஆடுது."

ஆணி புதுசு, ஓட்டை அடைத்தாகிவிட்டது, கீலும் நல்ல கீல். மிச்சமிருப்பது கை ஒன்றுதான். சும்மா இருக்கும்போது ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும் என்று இருந்தவருக்கு, வேலை செய்கிறபோதும் பிடி போய்விட்டது, அதுவும் தனக்கே தெரியாமல் போய்விட்டது என்பதைத் தாங்க முடியவில்லை. அம்மாவும் கரண்டியை இறுக்கிப் பிடித்திருப்பதாகத்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவர் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். டிரில்லைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை பழனியப்பனுக்குப் போன் போட்டார். அவர் இப்போது ஜெஞ்சாரோமில் கொஞ்சம் நிலத்தோடு இருக்கிறார், கோழிக் கூண்டு கட்டுகிறார்.

"என் சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கிறியா?"

"ஏன் லா, உனக்கு வேணாமா?"

"போதும்."

மலர் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு எட்டு ஜெஞ்சாரோம் போய்விட்டு வருகிறேன் என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டு, டிரில், ரம்பம், சுத்தியல், ஸ்பானர் பெட்டி எல்லாவற்றையும் காரில் ஏற்றினார். பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகிற அப்பாவைப்போல முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். பெட்ரோல் கடையில் நிறுத்தியபோது, மனம் கேட்காமல் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தார். ஸ்க்ரூடிரைவர் வரிசையில் ஒரு இடம் காலி. மஞ்சள் பிடி போட்ட குட்டை ஸ்க்ரூடிரைவர், அலமாரி உள்பக்கத்துக்கென்றே வைத்திருப்பது, அது இல்லை.

கொடுப்பதென்று ஆன பிறகு ஒன்று போனால் என்ன? வேறு ஆளாக இருந்தால் அப்படியே போயிருப்பார். சிவநேசன் யாருக்கும் குறையாக ஒரு பொருள் கொடுத்தவர் இல்லை. காரைத் திருப்பினார்.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே போனவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். மலர் முக்காலிமேல் ஏறி, மூக்குக் கண்ணாடி நழுவ, அலமாரியின் இன்னொரு கதவுக்குள் தலையை விட்டிருந்தாள். அவள் கையில் அந்த மஞ்சள் பிடி. அவள் திருகிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாக.

இறுக்குவது வலது, கழற்றுவது இடது. இதுகூடத் தெரியாதவளா என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது.

"மலரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரை முந்தானையில் மறைக்கப் போனாள், மறைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். மெல்ல இறங்கினாள்.

"நீயா?"

"நாந்தான்."

"கதவு மட்டுமா?"

"எல்லாம் நாந்தான். கம்பி, மேசைக் கால், எல்லாம்."

"ஏன்?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "கையில வேலை இருந்தா உங்களுக்குக் கை ஆடறதில்ல."

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உங்கம்மா கைய வருஷக்கணக்கா பிடிச்சிருந்தவ நான். எனக்குத் தெரியாதா? சிநேகிதரைப் பார்க்கப் போனவருக்கு முழங்கையில எதுக்கு ரத்தம் எடுத்த பிளாஸ்டர்? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க கூரை மேல ஏறிட்டீங்க. அங்க நின்னு நான் கும்பிடாத சாமியில்ல. அதான், கீழயே, என் பக்கத்துலயே உங்களுக்கு வேலை வெச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க திருகும்போது அந்தக் கை எவ்ளோ அமைதியா இருக்குன்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேன்."

சிவநேசனுக்குக் கோபம் வந்தது, கண்ணீரும் சேர்ந்து வந்தது. "அடிப்பாவி, என் பிடி போயிருச்சுன்னு நெனச்சேன்! சாமான் எல்லாத்தையும் பழனியப்பன்கிட்ட கொடுக்கக் கிளம்பிட்டேன். கார்ல இருக்கு, போய்ப் பாரு."

"பிடி போயிருச்சா?" மலர் வீங்கிய மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது போர்வை தெச்சதால இல்லீங்க. தீக்குச்சியெல்லாம் வெச்சு ஒண்ணு போட்டீங்களே, அதைக் கழட்டினது. ரெண்டு கையாலயும் தொங்கிப் பார்த்தேன், அசையவே இல்ல. உளுந்து அரைக்கக்கூட இந்தக் கையால முடியல." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "நல்லது பண்றேன்னு நெனச்சு உங்கள இப்படி ஆக்கிட்டேனே."

அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எலும்புக்குப் பக்கத்தில் புசுபுசுவென்று வீங்கியிருந்தது. பாவம், நன்றாகத்தான் வீங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. மனைவியின் வீக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் புருஷன் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்து வெட்கமும்பட்டார்.

"உனக்குத்தான் மரை கழண்டுபோச்சு" என்றார்.

முன்னறைக்கு நடந்து போய், ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். மலரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துண்டுகளில்தான் பெஞ்சில் கிடந்த ஒட்டு விரிப்பு பாதிக்குமேல் இருந்தது. வலது கையைத் தூக்கி அதன்மேல் வெறுமனே வைத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் கடலைத் தோலை உரிக்க ஆரம்பித்தன. அவர் கையை எடுக்கவில்லை. அவள் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அம்மா மாதிரி ஆயிட்டா, அந்த மிஷின திரும்பவும் ஸ்டோர்ல போட்டுருவியா?"

"மாட்டேன். உங்க கட்டில் பக்கத்துல போட்டுக்குவேன். சத்தம் தாங்காம நீங்கதான் எந்திரிச்சு ஓடணும்."

காரில் சாமான்கள் கிடந்தன. பழனியப்பனுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், அவர் கன்னாபின்னாவென்று திட்டுவார். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"மலரு."

"ம்."

"இனிமே கழட்டறதா இருந்தா சொல்லிட்டுக் கழட்டு. உன் கை வலிக்காத மாதிரி, கொஞ்சம் லூசாவே போட்டு வெக்கிறேன்."

"வேணாம்" என்றாள் மலர். "முடியற வரைக்கும் டைட்டாவே போடுங்க."