ஷாக் சாரின் பன்னிரண்டாவது பந்தயம்

சுண்டுவிரல் நீளமுள்ள உலோகக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார் ஷாக் சார். குழாய் நிறைய எண்ணெய். நடுவிலிருக்கும் தண்டை மெல்ல மேலும் கீழும் அசைக்கிறார். ஒரு காற்றுக் குமிழி மிதந்து வந்து உடைகிறது.

“வந்துட்டார்,” என்கிறார் மரியாதையாக. “இன்னும் ஒருத்தர் உள்ள இருக்கார்.”

ஒன்பதரைக்கு அலுவலகம். இப்போது ஒன்பது இருபது.

காப்பீட்டு நிறுவனத்தில், அடிபட்ட கார்களின் புகைப்படங்களைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது அவர் வேலை. ஆனால் அவர் உயிர் இருப்பது முழங்கை நீளமுள்ள ஒரு ரிமோட் காரில். அதிலும் சக்கரத்துக்கு ஒன்றாக நின்று மேடுபள்ளத்தின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் நான்கு எண்ணெய்க் குழாய்களில், அதாவது ஷாக் அப்சார்பர்களில். அலுவலகத்தில் அவருக்கு ‘ஷாக் சார்’ என்றே பெயர். கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கூட உறையில் அப்படித்தான் எழுதுகிறார்.

ஸ்பிரிங்குகள், மாமியாரின் மாத்திரை டப்பாவில் திங்கள் முதல் ஞாயிறு வரை தரம்வாரியாகக் குடியிருக்கின்றன. மாமியாரின் மாத்திரைகள் ஒரு பழைய கவருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. சாப்பாட்டு மேசையில் ஒரு சாண் உயரத்திலிருந்து காரை விடுவார். தட்டுகள் அதிரும்.

“என்னங்க, சாப்பிடற எடத்துல காரைப் போடாதீங்க,” என்பார் மனைவி. கண் மருத்துவமனை வரவேற்பில் நாளெல்லாம் பொறுமையாகப் பேசிவிட்டு வருபவர்.

“போடலம்மா. உக்கார வைக்கிறேன். நல்ல கார் குதிக்காது, உக்காரும்.”

பதினொரு பந்தயங்களில் அவர் கார் ஒன்றைக்கூட முடித்ததில்லை. கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கையில், “ஒரே ஒரு சின்ன மாத்தம்” என்று எதையாவது கழற்றுவார். ஒரு தடவை சக்கரம் தனியாக ஓடியது. ஒரு தடவை எண்ணெய் கொட்டி, பின்னால் வந்த நான்கு கார்கள் சறுக்கின. ஒரு தடவை பந்தயம் முடிந்து எல்லோரும் கைதட்டும்போது, இவர் யாருடைய செருப்புக்கடியிலோ திருகாணி தேடிக்கொண்டிருந்தார்.

மனைவியின் அண்ணன் கட்டில் பீரோ விற்பவர். கடையில் வாங்கிய காரில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் ஓட்டி, நான்கு கோப்பை வாங்கிவிட்டார்.

“அது எப்படி ஓடுதுன்னாவது தெரியுமா மச்சான் உங்களுக்கு?”

“தெரியாது மாப்ள. அதனாலதான் ஓடுது.”

இந்த வருடம் ரிமோட் கார் சங்கத்தில் சேர ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பந்தயமாவது முடிக்காதவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று செயலாளர் கடிதம் போட்டார். எல்லோருக்கும் பொதுவான கடிதம்தான். பொருந்துபவர் ஒருவர்தான்.

வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு மனைவியும் வந்தார். ஒரு கிடங்குக்குப் பின்னால், வாகனம் நிறுத்தும் மைதானத்தில் பாதை போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் இருந்தது. இவர் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்.

“வெயில் ஏறிடுச்சு. எண்ணெய் இளகியிருக்கும். பின்னாடி மட்டும்…”

திரும்பினார். மனைவி கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

“கொஞ்சம் எழுந்திரும்மா.”

“கால் வலிக்குதுங்க.”

“ஒரே நிமிஷம்.”

“ஓட்டி முடிச்சிட்டு வாங்க. எழுந்திருக்கிறேன்.”

காய்ச்சலோடு பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் தகப்பனைப் போலக் காரைக் கோட்டில் வைத்தார். விசில் ஒலித்தது. முதல் மேட்டில் மற்ற கார்கள் துள்ளின. இவருடையது ஏறி, இறங்கி, உட்கார்ந்தது. அடுத்த சுற்றிலும் உட்கார்ந்தது. தான் செய்தது இப்படி ஓடுவதை அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆறு பேரில் மூன்றாவதாக முடித்தார். செயலாளர் தன் தாளில் எதையோ அடித்துவிட்டுப் புன்னகைத்தார்.

வழக்கம்போல முதலாவதாக வந்த மச்சான், காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

“மாப்ள, அந்த மேட்டுல உங்க கார் மிதந்துச்சு. என்னுது தவளை மாதிரி குதிக்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

மனைவி அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு, கொடுத்த வாக்குப்படி எழுந்து நின்றார்.

வெற்றி பெற்ற காரைப் படமெடுக்கக் கொண்டுவரும்படி செயலாளர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது, அது மேசையில் மல்லாந்து கிடந்தது. ஷாக் சார் அதன் நான்காவது ஷாக் அப்சார்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.