சித்தி தவறவிட்ட தட்டுகள்

சித்தி கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் மலையூரில், தெருவுக்குப் பின்னால் அந்த டிஸ்க் கோல்ஃப் மைதானம் வந்தது. பக்கத்துத் தங்கும் விடுதிக்காரர், வருகிற விருந்தாளிகளுக்குப் பொழுது போகட்டும் என்று, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஆறு இரும்புக் கூடைகளை நட்டுவைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் சங்கிலிகள் தொங்கும். வீசுகிற பிளாஸ்டிக் தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். விழாவிட்டால், கிடக்கிற இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைவாக வீசியவர் ஜெயித்தவர். கூடைகள் கிட்டக்கிட்ட இருந்ததால் புதியவர்களுக்கும் எளிது. விருந்தாளிகள் இல்லாத நாட்களில் தெருப்பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கிடப்போம்.

சித்தி அந்த விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து நின்றாளென்றால் தட்டு அவள் பேச்சைக் கேட்கும். அவள் குறி தப்பி நான் பார்த்ததே இல்லை.

பெண் பார்க்க வந்த இரண்டு பேரை அவள் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தாள். மூன்றாவதாகப் பேளுக்குறிச்சியிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு வந்தார். மலையிலிருந்து கீழே போய்க் குடியேறிய சொந்தம். மோட்டாருக்குச் செம்புக்கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் வரச்சொல்ல மாட்டேன் என்று சித்தியின் அப்பா, எங்கள் அப்புச்சி, காலையிலேயே சொல்லிவிட்டார். காபி குடித்த பிறகு, இருவரும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். தனியாக அனுப்பக் கூடாதல்லவா, கூடவே என்னையும் அனுப்பினார்கள்.

எனக்கு ஆட்டம்தான் முக்கியம். நேரே மைதானத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தேன்.

“ஏனுங்க, இத எப்படிப் புடிக்கறதுங்க?” என்று அவர் சித்தியைக் கேட்டார்.

“மொறத்தப் புடிக்கற மாதிரி புடிங்க. கையி தளர்வா இருக்கோணும்.”

அவர் வீசியது மிளகுக்கொடிக்குள் மாட்டிக்கொண்டது. அதில் அதிசயமில்லை. சித்தி வீசியதும் அதே கொடிக்குள் போனதுதான் அதிசயம். இருவரும் தேடப் போனார்கள். போனவர்கள் திரும்புவதாக இல்லை. நான் ஓடிப்போய் இரண்டு தட்டுகளையும் சட்டென்று எடுத்துக் கொடுத்தேன். இருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

அடுத்த கூடையிலும் அதே கதை. அதற்கடுத்ததில் சித்தியின் தட்டு மரவள்ளிக் காட்டுக்குள்ளேயே போய்விட்டது. கீழே வெயில் ரொம்ப அடிக்குமா என்று அவள் விசாரிப்பது செடிகளுக்கு நடுவிலிருந்து கேட்டது. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன் என்றாள். அவர் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. சித்தி சிரித்தது விழுந்தது.

வெளியூர்க்காரர் முன்னால் இப்படி மானம் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்கு ஓடி, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “அப்புச்சி, சித்திக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஒரு தட்டுகூட கூடையில உழுவ மாட்டேங்குது.”

மாப்பிள்ளையின் அம்மா என்னை மடிக்கு இழுத்துக்கொண்டார். “அப்படியா கண்ணு? எம் பையனுக்கும் அதே நோவுதான் போல. பொண்ணு பாக்கப் போற எடத்துல காபி குடிச்சதும் கெளம்பறவன், இன்னும் காணமே” என்றார். அப்புச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் கிளம்பியதும் சித்தியை மறுபடி மைதானத்துக்கு இழுத்துப்போனேன். முதல் வீச்சே சங்கிலியில் கலகலவென்று விழுந்தது. உடம்பு தேறிவிட்டது என்று நான் குதித்தேன். சித்தி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் யாரும் என்னைத் தூக்குவதில்லை. இறக்கிவிடச் சொன்னேன்.

“இருக்கட்டும் சாமி, கொஞ்ச நேரம்” என்றாள்.

தை பிறந்தால் அவள் கல்யாணமாகிப் பேளுக்குறிச்சிக்குப் போய்விடுவாள் என்பது அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அடுத்த கூடைக்கு நேரமாகிறதே என்று காலை உதறிக்கொண்டிருந்தேன்.