அட்டைக்காரர்

முக்காலித் தாங்கியை ஊன்றி, படம் ஒட்டிய பெரிய அட்டையைச் சாய்த்து வைத்து, சற்றுப் பின்வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார் டெல்மர் ஹாக்கின்ஸ். மேல்விளக்கு பட்டு அட்டை மின்னக் கூடாது. மின்னினால் தொலைக்காட்சியில் எழுத்து தெரியாது. அவையின் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. அது பொருட்டில்லை. வாஷிங்டனில் யாரும் நாற்காலிகளுக்காகப் பேசுவதில்லை.

இருபது வருடங்களாக ஒரே நாடாளுமன்ற உறுப்பினருக்கு, அவர் பேசும்போது காட்டும் அட்டைகளைச் சுமக்கிறார். அதிகம் உழைத்தது எல்லை அட்டை: அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வர ஆற்றைக் கடக்கும் கூட்டம், முன்னால் ஒரு கைக்குழந்தை. போன மாதம் எடுத்த படம் என்று உறுப்பினர் வருடந்தோறும் அதைக் காட்டுவார். "அந்தக் குழந்தைக்கு இந்நேரம் மீசை முளைச்சிருக்கும்" என்பார் டெல்மர், தூசி தட்டியபடி. பொய் அவரை உறுத்தியதில்லை. மூலை மடங்கினால்தான் உறுத்தும்.

எதிர்த்தரப்புக்கு அட்டை சுமப்பவள் பிரிசில்லா. இருவருக்கும் ஒரே முக்காலிதான்.

"இன்னைக்கு உங்காளு யாருக்காக அழப்போறாரு?" என்று கேட்டாள் அவள்.

"உங்காளு அழுது முடிக்கட்டும், சொல்றேன்."

எல்லைக் காவலுக்குப் பணம் ஒதுக்கினால்தான் ஆச்சு என்று டெல்மரின் உறுப்பினர் நிற்கிறார். ஒரு காசு கிடையாது என்று எதிர்த்தரப்பினர் நிற்கிறார்கள். நடுவில் பட்ஜெட் நிறைவேறாமல், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், ஒரு மாதமாக அரசாங்கம் முடங்கிக் கிடக்கிறது.

டெல்மரின் மனைவி லொரெட்டா விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிப்பவள். அத்தியாவசியப் பணி என்பதால் சம்பளமில்லாவிட்டாலும் போய்வர வேண்டியிருக்கிறது. வீட்டில் கணப்பை அணைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

"இன்னைக்கு ஓட்டெடுப்பு. உன் ஆளு ஒருத்தன் மாறினாப் போதும்னு டிவில சொல்றான். ஒரு வார்த்தை கேளு" என்றாள் காலையில்.

"பாஸ்கிட்ட நேரம் பாத்துத்தான் பேசணும், லொரெட்டா."

"நீ கையத்தான் வாடகைக்கு விட்டேன்னு நெனச்சேன். வாயையும் சேத்தா விட்டிருக்க? இன்னைக்கும் நடக்கலேன்னா நான் வேலைய விட்டுடறேன். பென்ஷன் போனாப் போகட்டும்."

அவள் பேச்சைக் கேட்காமல் இருந்துவிடவில்லை என்று டெல்மர் நினைத்துக்கொள்கிறார். தன்னால் ஆனதைச் செய்தார். வேலையிடத்துத் தோழியின் பிரிவு விருந்தில் சீருடையோடு லொரெட்டா சிரித்த படத்தைப் பெரிதாக்கி ஓர் அட்டை செய்துவிட்டார். சிரிப்பு தெரியாதபடி உதட்டுக்கு மேலேயே வெட்டி, வண்ணத்தை எடுத்துவிட்டதில் பார்வை நன்றாகவே சோகமாக வந்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

உறுப்பினர் அந்த அட்டையைச் சுட்டிக் குரல் தழுதழுக்கப் பேசினார். "இந்தத் தாயின் வயிற்றில் அடித்தவர்கள் அதோ, அந்தப் பக்கம்!" அந்தப் பக்கத்தில் பிரிசில்லா மட்டும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் ஓட்டெடுப்பு மணி அடித்தது. வாக்களிக்கக் கிளம்பிய உறுப்பினருடன் மின்தூக்கி வரை நடந்தார் டெல்மர்.

"அந்தப் பொம்பளை படம் பிரமாதம்யா. எங்கேர்ந்து புடிச்ச? யாரது?"

"ஒரு ஊழியர்தான் சார்."

"கெட்டிக்காரன்யா நீ. இப்படியே இன்னும் ரெண்டு வாரம் தாக்குப்பிடிச்சா அவனுங்க வழிக்கு வந்துருவானுங்க." உள்ளே போனவர் கதவைக் கையால் தடுத்து நிறுத்தினார். "என்னமோ சொல்ல வந்தாப்ல இருக்கே?"

டெல்மரின் வாய் திறந்தது. உறுப்பினரின் கோட்டில் குத்தியிருந்த சின்னக் கொடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. கையை நீட்டி அதை நேராக்கினார்.