ராஜசேகரனின் இலையில் என்ன வைப்பது

ராஜசேகரனுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், நேற்றுவரை பிரேமலா யோசிக்காமல் சொல்லியிருப்பாள், இட்லி என்று. இன்று கணவருடைய பதினாறாம் நாள் கருமக்கிரியை. படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். விடிந்ததுமே இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது, குணாளன் ரூபத்தில்.

ராஜசேகரன் கணக்கராக இருந்த லாரி உதிரிபாகக் கம்பெனியில் குணாளன் கிராணி, அதாவது குமாஸ்தா. கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

"அக்கா, சாருக்கு நாசி லெமாக். சம்பல் கூட வைக்கச் சொல்லி வாங்கியாந்தேன்."

"நாசி லெமாக்கா? தேங்காப்பால் சோத்த அவரு தொட மாட்டாரே தம்பி."

"அலமாக்! என்னக்கா சொல்றீங்க? தினம் பத்து மணிக்கு ரெண்டு பேரும் அதானே சாப்பிடுவோம். நான் மறந்தாகூட அவரே வாங்கிட்டு வந்துருவாரு."

சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மகள் லோஷினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்கிள், அப்பாவுக்குப் பொரிச்ச கோழிதான் உயிர். என்னைப் பார்க்க வந்தா வேற எதுவும் ஆர்டர் பண்ண விடமாட்டாரு."

"கோழி உனக்குத்தானே புடிக்கும்?" என்றாள் பிரேமலா.

"அவருக்கும்தான்மா!" என்றாள் லோஷினி. சொல்லிவிட்டு அவளே யோசனையில் விழுந்தாள்.

பிரேமலா அடுப்பைச் சின்னதாக்கினாள். ஒரு மனுஷன் ஒரே நாளில் வீட்டில் இட்லிக்காரராகவும் ஆபீசில் நாசி லெமாக்காரராகவும் எப்படி இருக்க முடியும்? இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால் வேறு என்னதான் தெரியும்?

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்தவர் அவர். லாபிஸ் எஸ்டேட்டில் வளர்ந்து, ஜொகூர் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவள் பிரேமலா. கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் பெரியப்பா சின்னத்தம்பி குதித்தார். "இந்தியாவுலேர்ந்து வந்த ஊர்க்காரன் லா! பெர்மிட் முடிஞ்சா பையத் தூக்கிக்கிட்டுப் போயிருவான்." ராஜசேகரன் போகவில்லை. இமிகிரேஷனில் விசா புதுப்பிக்கும்போதெல்லாம் மனைவியும் கூட வரவேண்டும். அன்றைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, வரிசையில் முன்னால் நிற்பவரிடம் வலியப் பேசுவார். "இவங்கதான் எனக்கு கேரண்டி." அவளுக்கு இரவு ஷிஃப்ட் என்றால், காலையில் ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு காத்திருப்பார். மழை இல்லாத நாளிலும் குடை இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஃபேக்டரித் தோழிகள் பயமுறுத்தினார்கள். "ஊர்க்காரங்களுக்கு இட்லி இல்லாட்டி விடியாதுடி." அதுவரை இட்லி சுட்டே அறியாதவள் சுட்டாள். அது தட்டை விட்டு வர மறுத்தது. கரண்டியால் சுரண்டி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் ரெண்டு வை" என்றார். அடுத்த முறை ஊருக்குப் போனவர் மாவரைக்கும் கிரைண்டரோடு வந்து இறங்கினார். விமானத்தில் அதன் கல்லை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை மாவரைப்பது அதிலிருந்து அவர் வேலை. அவள் பக்கத்தில் முக்காலி போட்டு, வாரம் முழுக்கச் சேர்ந்த ஃபேக்டரிக் கதைகளைக் கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருப்பாள். "அந்த லைன் லீடர் அப்புறம் என்ன சொன்னா?" என்று அவரும் கத்துவார்.

ஊரிலிருந்து கொழுந்தன் வேலு போன் செய்தார். படையலை வீடியோவில் பார்க்க வேண்டுமாம். லோஷினி போனைச் சமையலறைக்குள் நீட்டினாள்.

"என்ன அண்ணி, இட்லியா சுடுறீங்க?"

"ஆமா தம்பி, அவருக்குப் படைக்க."

"அண்ணனுக்கா?" வேலு சிரித்தே விட்டார். "புளிச்ச மாவு வாடையே அதுக்கு ஆகாதே! அம்மா இட்லி ஊத்துற அன்னைக்கு அது பழைய சோத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டுப் போயிரும்."

லோஷினி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். குணாளன் மெதுவாக, "அக்கா, அப்ப நாசி லெமாக்கையே வச்சிரலாமா?" என்றான்.

"அவரு உனக்காகச் சாப்புட்டாரோ என்னவோ தம்பி. யாரு கண்டா?"

பிடிக்காததை எதற்குத் தின்றார்? அதற்கு மாவு வேறு எதற்கு அரைத்தார்? நான் அழுதேன் என்றா? அப்படியென்றால் அந்த முதல் நாளோடு நிறுத்தியிருக்கலாமே. ஞாயிற்றுக்கிழமைக் கதைக்காகவா? நாக்குக்குப் பழகி, நிஜமாகவே பிடித்துப்போயிற்றா? படத்தைப் பார்த்தாள். இமிகிரேஷனுக்கு எடுத்த படம். அதில் ஒன்றும் தெரியவில்லை.

லோஷினி கோழி வாங்கி வரப் போனாள். குணாளன் பொட்டலத்தைப் பிரித்து இலையில் ஓரமாக வைத்தான். பிரேமலா இட்லித் தட்டைத் தூக்கினாள், கீழே வைத்தாள், மறுபடி தூக்கினாள். கடைசியில் இலை நடுவில் சூடாக இரண்டு இட்லி வைத்தாள். பழக்கத்தில் கை தானாக இன்னும் இரண்டை எடுத்துவிட்டது.

இலைக்கு மேலே கை நின்றது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் படத்திடம். பிறகு அந்த இரண்டையும் சட்டியிலேயே போட்டு மூடினாள்.

"இன்னைக்கு ரெண்டோட விட்டுடறேன். சாப்பிடுங்க."